நிரந்தர முகவரி

அளவு நாடாவின் ஒரு முனையை டோரதி பிடித்துக்கொள்ள, மறுமுனையை இழுத்துக்கொண்டு ஹெல்த் இன்ஸ்பெக்டர் அப்துல் சலாம் படுக்கைக் கூடத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் போனார். "பன்னெண்டு பேருக்கு இடம் சரியா இருக்குங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்த படிவத்தில் டிக் போட்டார். அந்தப் படிவத்தில் மொத்தம் முப்பத்தொரு கட்டங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள், ஜன்னலுக்குக் கொசுவலை, பார்க்க வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். அத்தனையிலும் டிக் விழுந்தால்தான் மன்னார்புரத்தில் இருந்த அந்த இல்லத்துக்கு எண்பத்து நாலாம் வருஷத்து உரிமம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் புருஷனிடம் உதைபட்டு ஓடிவந்த பன்னிரண்டு பெண்களும் அவர்களுடைய நாலு பிள்ளைகளும் துணி மூட்டையோடு நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

டோரதி இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இல்லத்துக்கு வார்டனாக வந்தும் டீச்சர் என்ற பெயர் போகவில்லை, டீச்சர் குணமும் போகவில்லை. விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்தக் காலத்தில் பிள்ளையைத் திருப்பி வீட்டுக்கே அனுப்பிவிடுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. இன்ஸ்பெக்டர் கேட்டதையெல்லாம் ஒரே மாதத்தில் செய்து வைத்திருந்தாள். வாசல் அறையில் புது பெஞ்சு வந்துவிட்டது. 'பார்வையாளர் நேரம் மாலை 4 முதல் 5 வரை' என்று தன் கையாலேயே எழுதி மாட்டியிருந்தாள்.

பின்கதவில்தான் சிக்கல் வந்தது. அதில் உள்பக்கமாக ஒரு திண்டுக்கல் பூட்டுத் தொங்கியது.

"அடுப்படியில தீ புடிச்சா எப்படிங்க வெளிய ஓடுவாங்க? பூட்டக் கூடாது. உள்தாழ்ப்பாள் மட்டும் போதும்" என்றார் அப்துல் சலாம். கெட்ட மனிதரில்லை. போன வருஷம் எங்கோ ஒரு ஹாஸ்டலில் பூட்டிய கதவுக்குப் பின்னால் கிடந்தவர்களைத் தூக்கியவர். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போயிற்று. டோரதி மறுபேச்சில்லாமல் பூட்டைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். கடைசியாக இன்னொரு தடவை வந்து பார்த்துவிட்டு அந்தக் கட்டத்தில் டிக் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார் அவர்.

பின்கதவுக்குப் பக்கத்தில் பாய் விரிக்கிறவள் ராசாத்தி. லால்குடிக்குப் பக்கத்து ஊர்க்காரி. இருபத்தாறு வயதுக்குள் பிச்சமுத்துவிடமிருந்து மூன்று முறை ஓடிவந்தவள். முதல் தடவை அம்மா வீட்டுக்கு ஓடினாள். அவர்களே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். இரண்டாவது தடவை ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டில் ஒரு மாதம் ஒளிந்திருந்தாள். எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிட்டான். மூன்றாவது தடவை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தவளை யாரோ ஒரு புண்ணியவதி இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். படுக்கப் போகுமுன் அந்தப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தால்தான் ராசாத்திக்குக் கண் மூடும். உள்ளே வைத்துப் பூட்டுவதையே ஒருத்தி வரமாகக் கேட்பாள் என்று டோரதி இங்கே வந்துதான் தெரிந்துகொண்டாள். பூட்டுப் போன பிறகு ராசாத்தி கதவில் முதுகைச் சாய்த்தபடி உட்கார்ந்தே தூங்கினாள்.

அது போக மிச்சமிருந்தது முப்பதாவது கட்டம். தங்கியிருக்கும் பெண்கள் எல்லாருக்கும் மார்பு எக்ஸ்ரே எடுத்து ஹெல்த் கார்டு வாங்க வேண்டும். டோரதி கூடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு எழுதினாள். பெயர், வயது, கணவர் பெயர், தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி.

"அந்த ஊரு பேரு எழுதணுமா டீச்சரு?" என்று கேட்டாள் ராசாத்தி.

"கட்டம் இருக்குல்ல? காலியா விட்டா திருப்பி அனுப்பிடுவாங்க."

"வேற ஊரு ஏதாச்சும் எழுதுங்களேன்."

"பொய் எழுதலாமா ராசாத்தி? டாக்டருங்க பாக்குற காயிதம்தானே, யாரு கைக்குப் போவப்போவுது?"

டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ராசாத்தி ஊர் பெயர், தெரு பெயர், பிச்சமுத்துவின் அப்பா பெயர் வரைக்கும் தப்பில்லாமல் சொன்னாள். டோரதி மணிமணியாக எழுதினாள். நல்ல கையெழுத்து அவளுக்கு.

பதினொரு பேருக்கு வெள்ளைக் கார்டு வந்தது. ராசாத்திக்கு மட்டும் வலது பக்கம் ஒரு நிழல் தெரிகிறது, டி.பி.யாக இருக்கலாம், மறுபடி பார்க்க வேண்டும் என்று சீட்டு வந்தது. பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அப்படிப்பட்டவரைச் சேர்த்து வைக்கக் கூடாது என்பதும் ஒரு விதி. டோரதி அவளுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் கொடுத்து, விறகு போட்டிருந்த அறையை ஒழித்து அங்கே படுக்க வைத்தாள். மனசு கேட்கவில்லை. ஆனாலும் செய்தாள். அவளுக்குத் தெரியாதது ஒன்றுதான். சந்தேகம் என்று வந்தால், கூட இருந்த குடும்பத்தார் எல்லாரையும் சோதனைக்கு வரச்சொல்லி நிரந்தர முகவரிக்கு ஒரு கடிதம் போகும். வருஷக்கணக்காக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அதில் நோயாளி எங்கே தங்கியிருக்கிறார் என்பதும் இருக்கும்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு பிச்சமுத்து வந்தான். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, பெஞ்சின் ஓரத்தில் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்தான். மடியிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினான்.

"ஒடம்பு சரியில்லன்னு ஆபீஸ்லேந்தே எழுதியிருக்காங்கம்மா. எங்க இருக்காளோன்னு எட்டு மாசமா அல்லாடிட்டிருந்தேன். நல்ல வேளை."

டோரதி குனிந்து பார்த்தாள். கடிதத்தில் இருந்த முகவரியைப் படித்தாள். தெரு பெயரில் ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. பிசகியிருந்தால் தபால்காரர் திருப்பியிருப்பார்.

"அவ உங்களப் பாக்க விரும்பலைங்க" என்றாள்.

"இருக்கட்டுங்கம்மா. சீக்குக்காரிய நீங்க வச்சுக்கக் கூடாதாமே? நான் கூட்டிட்டுப் போயி வைத்தியம் பாத்துக்கறேன்." அவன் சிரித்தான். "ஸ்ரீரங்கத்துல அவ அக்கா வீட்டுலயும் மொதல்ல இப்படித்தான் சொன்னாங்க. பொறவு அவங்களே அனுப்பி வச்சிட்டாங்க."

அந்த அக்காவின் புருஷன் இன்றைக்கும் காலை இழுத்துத்தான் நடக்கிறான் என்று ராசாத்தி சொல்லியிருந்தாள். போலீஸுக்குப் போகலாம். போன தடவை வேறொருத்திக்காகப் போனபோது, 'குடும்ப விஷயத்துல நாங்க என்னங்க பண்றது' என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

பின்பக்கம் போனாள். ராசாத்தி விறகு அறையில் இல்லை. பின்கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவன் குரலை வைத்தே தெரிந்துகொண்டுவிட்டாள்.

"பூட்டக் குடுங்க டீச்சரு" என்று மட்டும் சொன்னாள்.

டோரதி அலமாரியைத் திறந்து பூட்டைக் கொடுத்தாள். ராசாத்தி பூட்டினாள். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். சாவியைக் கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

டோரதி வாசல் அறைக்குத் திரும்பியபோது அப்துல் சலாம் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் சந்தோஷம். "டீச்சர், நல்ல சேதி! ராசாத்திக்கு டி.பி. இல்லை. பெரிய டாக்டர் படத்தை மறுபடி பாத்துட்டாரு. அது நிழலே இல்லைங்க, ஒடைஞ்ச விலா எலும்பு. கோணலாக் கூடியிருக்கு, அதான் அப்படித் தெரிஞ்சிருக்கு."

"கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டாங்க" என்றான் பிச்சமுத்து எழுந்து நின்று. "அப்ப சீக்கு ஒண்ணுமில்லையே? இன்னிக்கே கூட்டிட்டுப் போவலாந்தானே?"

"விழல!" டோரதி கத்திவிட்டாள். இருபத்தெட்டு வருஷத்தில் வகுப்பில்கூட அப்படிக் கத்தியதில்லை. "இவருதான் ஒடைச்சாரு. உதைச்சு ஒடைச்சாரு."

அப்துல் சலாம் பிச்சமுத்துவைப் பார்த்தார். அவன் கையில் இருந்த கடிதத்தைப் பார்த்தார். அவருடைய ஆபீஸ் முத்திரை அவருக்குத் தெரியாதா? முகம் வெளிறிப்போயிற்று. "நிரந்தர முகவரிக்குத்தாங்க போடுவோம்..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டார்.

"நான்தான் எழுதினேன்" என்றாள் டோரதி.

அப்துல் சலாம் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். மிச்சமிருந்தது ஒரே ஒரு கட்டம், பின்கதவு. நடையிலிருந்து பார்த்தாலே கதவும் பூட்டும் அதன் முன்னால் நிற்கிறவளும் தெரிந்தார்கள். அவர் பார்த்தார். பிறகு குனிந்து, 'பூட்டு இல்லை' என்ற இடத்தில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டார். "என்னால இவ்வளவுதான் டீச்சர்" என்று முணுமுணுத்து, படிவத்தை அவளிடம் கொடுத்துவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

டோரதி அந்த டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு சின்னப் பொய். பேனாவை ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்தது. அன்றைக்கு அவளாலும் முடிந்திருக்கும். ராசாத்தி கேட்கத்தானே செய்தாள்?

ஐந்து மணி அடித்ததும் பிச்சமுத்து தானாகவே எழுந்தான். சுவரில் மாட்டியிருந்த அட்டையைக் காட்டி, "நேரமாயிருச்சு, சட்டத்த மீறக் கூடாது. நாளைக்கு வரேங்கம்மா" என்று கும்பிட்டான். பழத்தைப் பெஞ்சின் மேலேயே விட்டுப்போனான்.

மறுநாள் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். சத்தமில்லை, சண்டையில்லை, வெளியே அனுப்ப ஒரு காரணமும் கொடுக்கவில்லை. ராசாத்தி சோற்றைத் தொடவில்லை. கதவை விட்டு நகரவில்லை.

நாலாம் நாள் அடுப்படிக் கடிகாரத்தில் நாலு அடித்தது. அன்றைக்கு ராசாத்தி தேய்க்க வேண்டிய பாத்திரங்கள் தொட்டியடியில் கிடந்தன. ராசாத்தியின் கை பூட்டின் மேல் இருந்தது. டோரதி வாசல் அறையை எட்டிப் பார்த்தாள். பிச்சமுத்து வந்துவிட்டிருந்தான். பெஞ்சின் ஓரத்துக்கு ஒதுங்கி உட்கார்ந்துகொண்டு, தோள் துண்டை எடுத்து, பக்கத்தில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடத்தை நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.