கிணற்றுக்குள் இறங்கிய கப்பல் சொல்

பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் ஒரு மல்லாட்டைக் கொல்லை, நிலக்கடலை விளைவது. அதன் நடுவிலிருந்த கிணற்றில் நான்கு நாட்களாகப் பக்கெட் குதித்துக்கொண்டிருந்தது. ஏன் குதிக்கிறது என்று அருணாவுக்குப் பிடிபடவில்லை.

பெரிய குதிப்பு ஒன்றுமில்லை. இறங்கிக்கொண்டே வரும், திடீரென்று ஒரு முழம் மேலே ஏறும். அல்லது ஏறிக்கொண்டே போகும், திடுக்கென்று ஒரு முழம் விழும். உடனே சரியாகிவிடும். தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் வாளியாக இருந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். இது கிணற்றை ஆழப்படுத்தும் கிரேனின் இரும்பு பக்கெட். உடைத்த பாறையோடு அரை டன் இருக்கும். அறுபதடிக்குக் கீழே அதை எதிர்பார்த்து இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் சுக்ராம், ஜார்க்கண்டிலிருந்து வந்தவன். இன்னொருவர் சீனுவாசன், அருணாவின் புருஷன்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கெட் சீனுவாசனின் தலைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. மேலே வந்தவர் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு மச்சானைப் பார்த்துச் சொன்னார்:

"இன்னா குமரேசா, உங்க அக்காவுக்கு வேற மாப்ள பாத்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். குமரேசன் மட்டும் சிரிக்கவில்லை. அவன்தான் கிரேன் ஓட்டுகிறவன், அருணாவின் தம்பி.

"நான் ஒண்ணுமே பண்ணல மாமா. வண்டிதான் தானா குதிக்குது. சத்தியமா."

"நாளைக்கு யாரும் உள்ள எறங்க வாணாம். இது இன்னான்னு தெரியற வரைக்கும் வேலை இல்ல" என்றாள் அருணா. கிரேன் அவளுடையது. கோலியனூரில் நிலத்தை அடகு வைத்து வாங்கியது. ஆனால் அப்போது அவள் நினைத்தது நிலத்தை அல்ல, அந்த ஒரு சாணை.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் அவளுடைய குழப்பம் புரியும். கிணற்று ஓரத்தில் கிரேன் நிற்கும். டீசல் இன்ஜின், கயிறு சுற்றும் உருளை, கிளட்ச், பிரேக். ஓட்டுகிறவன் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கிணற்றின் வாய் தெரியும், அடி தெரியாது. அடியில் இருப்பவர்களுக்கு வானம் தெரியும், ஓட்டுகிறவன் தெரியமாட்டான். இருவருக்கும் கண்ணாக விளிம்பில் ஒருவர் நிற்பார். பக்கெட் சுவரில் இடிக்காமலிருக்க அதில் கட்டிய வடத்தை அவர் இரண்டு கையாலும் பிடித்திருப்பார். அதனால் கையைக் காட்ட வழியில்லை, குரல்தான் கொடுக்க வேண்டும். இன்ஜின் சத்தத்துக்கு நடுவே அந்தக் குரலைக் கேட்டு ஓட்டுகிறவன் லிவரை அசைப்பான். கீழே இருக்கிறவன் உயிர் அந்தக் குரலில் தொங்கிக்கொண்டிருக்கும்.

புதன்கிழமை காலை அருணா பிரேக்கைக் கழற்றிச் சாக்கில் சுற்றிக்கொண்டு திண்டிவனம் வந்து, விழுப்புரம் பஸ் ஏறினாள். லேத் பட்டறை வைத்திருந்த தாண்டவராயன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிரேக் கட்டையை அளந்தார், பட்டறையிலிருந்த ஓர் உருளையில் மாட்டிச் சுற்றிப் பார்த்தார்.

"இத்த நான் புதுசுன்னு வித்தா வாங்கிக்கினு போவான். ஒரு கொறையும் இல்ல. ஆமா, போன கெணத்துல குதிச்சுதா?"

"இல்லீங்க. கோலியனூர் கெணத்துல நாப்பது நாள் ஓடிச்சு. ஒரு தபா கூட குதிக்கல."

"அப்ப இன்னா மாறிச்சின்னு பாரும்மா. வண்டி மாறிச்சா? ஆளு மாறிச்சா?"

வண்டி அதே வண்டி, ரோப்பு அதே ரோப்பு. லிவரில் அதே தம்பி, அடியில் அதே புருஷன். குரல் கொடுத்த ஜகபர் சாதிக் மட்டும் விசா வந்ததும் ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். அவன் இடத்தில் இப்போது சவுரிராயன் நிற்கிறார். கோயில் திருவிழாவில் மைக் இல்லாமலே அறிவிப்புச் சொல்கிற தொண்டை அவருக்கு. குரலைக் குறை சொல்ல முடியாது.

"ஜகபர் இன்னா சொல்லுவான், ஏறு எறங்குன்னா?" என்று கேட்டார் தாண்டவராயன்.

"அவன் ஏதோ ஹார்பர் பாஷையில கத்துவான். ஏத்தறதுக்கு ஆவேஸ், எறக்கறதுக்கு ஆரியா. புதுசா வந்தவங்களுக்குப் புரியாதேன்னு நான்தான் அத்த நிறுத்திட்டேன்."

"அது ஹிந்தியாச்சே!" என்றார் தாண்டவராயன், சந்தேகமே இல்லாமல்.

திரும்பும் பஸ்ஸில், முண்டியம்பாக்கம் தாண்டும்போது, அருணா ஷார்ஜாவுக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். ஜகபர் சாதிக்குக்குச் சாப்பாட்டு நேரம். துறைமுகத்தில் கன்டெய்னர் நிழலில் உட்கார்ந்து அவள் சொன்னதைக் கேட்டான்.

"அக்கா! இன்னா, பக்கெட்டு குதிக்குதா? நான் ஒண்ணும் வித்தை காட்டலியே. ஆவேஸ்னேன், ஆரியான்னேன். அவ்ளோதான்."

"அது இன்னா பாஷைடா? ஹிந்தியா?"

"ஹிந்தியா? நான் அரபின்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஒரு நாள் இங்க அரபி ஃபோர்மேன் கிட்டயே கேட்டேன். 'இது உங்க இந்தியாக்காரன் பேச்சு, எங்களுது இல்ல'ன்னுட்டான். இங்க பாகிஸ்தான்காரன், பெங்காலி, சிலோன்காரன், எல்லாம் இதத்தான் கத்தறான். எவனைக் கேட்டாலும் பக்கத்துல இருக்கறவனைக் காட்றான். இரு, நிலோஃபரை லைன்ல போடறேன். அவ கிட்ட ஒரு சொல்லைக் குடுத்தா போதும், சோறு கூட வாணாம்."

நிலோஃபர் அவன் மனைவி. கோட்டக்குப்பத்தில் வீடு, புதுச்சேரிப் பள்ளி ஒன்றில் பிரெஞ்சு டீச்சர். பிரெஞ்சுக்கு ஒட்டிய மொழிகளின் அகராதிகளையெல்லாம் போனில் வைத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டவள், "லைன்லயே இருங்கக்கா" என்றாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்று நகர்ந்தது. அவள் குரல் திரும்பி வந்தபோது கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"அக்கா, ஆரியா கெடைச்சிடுச்சு. போர்ச்சுகீஸ் பாஷையில 'அரியார்'னு ஒரு சொல் இருக்கு. கயித்துல கட்டி மேல ஏத்தினத எறக்கறதுக்குப் பேரு. பாய், கொடி, அந்த மாதிரி."

"பாயா? கப்பல் பாயா?"

"கப்பல் பாய்தான். அவங்க இந்தப் பக்கம் வந்து ஐந்நூறு வருஷம் ஆவுது. கப்பல்ல வேலைக்கு எல்லாக் கரை ஆளுங்களையும் ஏத்தியிருக்காங்க. குஜராத்தி, மலையாளி, தமிழன், அரபி, பெங்காலி, எல்லாம் கலந்து. காத்து அடிக்கும்போது யாருக்கு எந்த பாஷைன்னு பாக்க நேரம் ஏது? ஆளாளுக்கு அந்தச் சின்னச் சொல்லக் கத்துக்கினு, பாயை எறக்கியிருக்காங்க. பாய்க்கப்பல் போயே போச்சு. சொல்லு மட்டும் கப்பல்லேருந்து துறைமுகத்துக்கு எறங்கி, கிரேன்ல ஏறிக்கிச்சு."

"ஆவேஸ்?"

"அது சரியா தெரியலக்கா. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்."

"யப்பா! ஜன்னலப் புடிச்சிக்கினு உக்காந்துட்டேன்" என்றாள் அருணா. வெளியே கரும்பும் செங்கல் சூளையும் பெட்ரோல் பங்கும் போய்க்கொண்டிருந்தன. கடல் ஒரு பக்கமும் தெரியவில்லை.

"இதுக்கே இப்டி ஆயிட்டீங்களே" என்று நிலோஃபர் சிரித்தாள். "நீங்க இப்ப புடிச்சிக்கினு இருக்கீங்களே ஜன்னல், அதுவும் அவங்களுதுதான். சாவி அவங்களுது. மேசை, அலமாரி அவங்களுது. ஹிந்தியில பால்டின்றாங்களே, நம்ம பக்கெட்டு, அதுவும். உங்கள எல்லாரும் இன்னான்னு கூப்புடுவாங்க?"

"மேஸ்திரியம்மா."

"மேஸ்திரி அவங்களுது. அம்மா நம்மளுது."

பேச்சு முடிந்த பிறகும் அருணா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஐம்பது முறை தன்னைக் கூப்பிடும் பெயர் எங்கிருந்தோ கடல் கடந்து வந்து தன்மேல் உட்கார்ந்திருக்கிறது. பதினைந்து வருஷமாக அது வந்த வழி தெரியாமலே திரும்பிப் பார்த்திருக்கிறாள். பாயை இறக்கச் சொல்லி யாரோ ஒரு மாலுமி கத்தியது, கோலியனூர் கிணற்றில் அறுபதடி ஆழத்தில் தன் புருஷன் தலைக்கு மேலே நாற்பது நாள் ஒலித்திருக்கிறது.

ஆனால் வியப்பு வேறு, விடை வேறு என்பது அவளுக்குத் தெரியும். சொல் எங்கிருந்து வந்திருந்தால் என்ன? புரிகிற சொல்லை விடப் புரியாத சொல் எப்படி நன்றாக வேலை செய்யும்? அவள் வைத்த ஏற்பாடு அதைவிட நல்லதுதானே? கிரேனில் தகரம் கட்டிப் பெயின்ட்டில் எழுதியிருந்தாள்: மேலே, ஊப்பர், கீழே, நீச்சே. தமிழ்க்காரனுக்கும் ஹிந்திக்காரனுக்கும் அவனவன் தாய்மொழி. இதில் என்ன தப்பு?

வியாழக்கிழமை யாரையும் உள்ளே விடவில்லை. பிரேக்கை மாட்டி, வெறும் பக்கெட்டை இறக்கி ஏற்றச் சொன்னாள். மேலே மற்ற வேலைகள் வழக்கம்போல நடந்தன. குவிந்திருந்த பாறையை டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அருணா இந்தத் தடவை கயிற்றைப் பார்க்கவில்லை, பக்கெட்டையும் பார்க்கவில்லை. தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, பேஜாரு பண்ற? ஜாதகம் பாக்கறியா?"

"நீ பாட்டுக்கு ஓட்டு."

சவுரிராயன் "கீழே" என்றார். பக்கெட் சீராக இறங்கியது. அப்போது டிராக்டர்மேல் நின்றவன் கீழே நிற்பவனிடம் கத்தினான்: "டேய், அந்தக் கல்ல மேல போடுறா!"

குமரேசனின் மணிக்கட்டு விரற்கடை அளவு பின்னால் போனது. பக்கெட் குதித்தது.

"இன்னாடா பண்ண?"

"நான் இன்னா பண்ணேன்?" என்றான் குமரேசன். உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. 'மேலே' என்று கேட்டதும் கை அசைகிறது; அது தனக்குச் சொன்னதில்லை என்று மனசு கண்டுபிடித்துத் திருப்புவதற்குள் பக்கெட் ஒரு முழம் போய்விடுகிறது.

அருணா சரளைக் கல்லைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். பக்கெட்டுக்குச் சொல்லாத ஒவ்வொரு மேலே, கீழே, ஊப்பர், நீச்சேக்கும் ஒரு கல்லைத் தரையில் வைத்தாள். கொல்லைக்காரர் மனைவி "கீழ எறங்கி டீ குடிச்சிட்டுப் போங்கப்பா" என்று டிராக்டர்காரர்களைக் கூப்பிட்டாள். ஒரு கல். சுக்ராம் ஊரிலிருந்து வந்த போனில் யாரோடோ கூரை வேய்வதைப் பற்றி "ஊப்பர், ஊப்பர்" என்று சண்டை போட்டான். இரண்டு கல். சவுரிராயனே தன் செருப்பைப் பார்த்து "கீழ சேறுடா சாமி" என்று முனகினார். அதற்கும் ஒரு கல். மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பத்து மூன்று கல் சேர்ந்தது. அதில் ஆறு முறை பக்கெட் குதித்தது.

கல் குவியலை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் புரியும் சொல்லை எல்லோரும் பேசுவார்கள். கல்லுக்கும் பேசுவார்கள், டீக்கும் பேசுவார்கள், சேற்றுக்கும் பேசுவார்கள். அதை இரண்டு மொழியில் எழுதி வைத்து ஆபத்தை இரண்டு மடங்காக்கியது அவள்தான்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சுக்ராமைக் கேட்டாள். "ஆரியா தெரியுமாடா உனக்கு?"

"தெரியும் மிஸ்திரி. பாம்பேல பில்டிங் வேலை செய்யும்போது எல்லாரும் சொல்வாங்க." கொச்சைத் தமிழில் பேசியவன், சோற்றை மென்றுகொண்டே கேட்டான்: "அது உங்க மதராஸி பாஷைதானே?"

அருணாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. ஐந்நூறு வருஷமாக எத்தனையோ கரையில் எத்தனையோ வாய் அதைச் சொல்லியிருக்கிறது. ஒருவரும் தன்னுடையது என்று வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. யாரும் அதைச் சொல்லிச் சோறு கேட்டதில்லை, பிள்ளையை அதட்டியதில்லை. கயிற்றில் தொங்குவதைத் தவிர வேறெதையும் அது தொட்டதில்லை. தேய்ந்து போகாமல் இருந்ததும் அதனால்தான், கையை ஏமாற்றாமல் இருந்ததும் அதனால்தான்.

எழுந்து போய்த் தகரத்தைக் கழற்றினாள்.

"இன்னா மேஸ்திரியம்மா, பெயின்ட்டு கூட காயல, அதுக்குள்ள கழட்டறீங்க?" என்றார் சவுரிராயன்.

"நாளைலேருந்து நீங்க ஆவேஸ், ஆரியாதான் சொல்லணும்."

"அர்த்தம் தெரியாம எப்டிம்மா கத்தறது?"

"உங்களுக்குத் தெரிய வாணாங்க. குமரேசன் கைக்குத் தெரிஞ்சா போதும்."

வெள்ளிக்கிழமை காலை சீனுவாசன் விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு அருணாவைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள். அவரும் சுக்ராமும் இறங்கினார்கள். சவுரிராயனின் தொண்டையிலிருந்து அந்தச் சொல் புறப்பட்டு அறுபதடிச் சுவரில் மோதி மேலே வந்தது. டிராக்டர்காரர்கள் அவர்கள் பாட்டுக்கு மேலே, கீழே என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அதற்கெல்லாம் குமரேசனின் மணிக்கட்டு கல்லாக இருந்தது. பொழுது சாயும்வரை எழுபத்தெட்டு பக்கெட் போய் வந்தது. ஒன்றுகூடக் குதிக்கவில்லை.

இப்போது அருணாவின் கிணறுகளில் முறை இதுதான். பக்கெட் ஏற ஆவேஸ், இறங்க ஆரியா. இரண்டையும் விளிம்பில் நிற்கும் ஒருவர் மட்டுமே சொல்ல வேண்டும். பக்கெட்டைத் தவிர வேறு எதற்கும் அந்தச் சொற்களை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. நிறுத்துவதற்கு மட்டும் விதி கிடையாது: யார் வேண்டுமானாலும், எந்த மொழியில் வேண்டுமானாலும் கத்தலாம், குமரேசன் உடனே பிரேக்கைப் பிடிப்பான்.