ஓரகத்தியின் முன்பல்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, வயிற்றெரிச்சல் பிடித்த ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

ஓரகத்திகள் இருவர் ஒரே தையல்கடையில் வேலை பார்த்தார்கள். மாடிப்படியில் விழுந்து முன்பல் இரண்டையும் இழந்த இளையவள், தாடை எலும்பில் திருகு பதித்துப் புதுப்பல் வைத்துக்கொண்டு வந்தாள். துணி கொடுக்க வருகிறவர்கள் எல்லாம், "முத்து மாதிரி இருக்கே!" என்று அவள் வாயையே பார்த்தார்கள். மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு முப்பத்திரண்டும் சொந்தப் பல். ஒருநாளாவது யாராவது ஒரு வார்த்தை சொன்னதுண்டா?

நேரே இளையவளுக்குப் பல் வைத்த அதே டாக்டரிடம் போனாள். "என் முன்பல்லைப் பிடுங்கிட்டு, என் ஓரகத்திக்கு வச்ச மாதிரியே வையுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். "நல்ல பல்லை யாரும்மா பிடுங்குவா? நீங்க சிரிக்கிற போட்டோவைக் கொண்டுவந்து, 'எங்க அக்கா பல்லு மாதிரியே வேணும்'னுதான் அவங்க கேட்டாங்க. அதைப் பார்த்துத்தான் செஞ்சோம்."

மூத்தவள் விறுவிறுவென்று கடைக்குத் திரும்பினாள். "என் பல்லைக் காப்பியடிச்சிட்டு, பேரு மட்டும் உனக்காடி? வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லு, இது யாரு பல்லுன்னு!"

"சொல்லிட்டாப் போச்சு, அக்கா."

அப்படியே சொன்னாள். மூத்தவள் அன்று முழுக்கத் தையல் மெஷினைப் பார்த்தாளோ இல்லையோ, வந்தவர்களைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

உங்கள் வீட்டிலும் எல்லார் முகமும் சிரித்தபடியே இருக்கட்டும், செல்லங்களே.