டாக்டர் மேஜையில் இந்த மாத வியாதி

எல்லோரும் சௌக்கியமா? சுகர், பிரஷர், முட்டி எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா? கேட்டால் சந்தோஷம். கேட்காவிட்டால் எங்கேயாவது போங்கள், எங்கள் டாக்டர் லக்ஷ்மிநாராயணனிடம் மட்டும் வந்துவிடாதீர்கள்.

சிங்கப்பெருமாள் கோயிலில் அவர் கிளினிக்குக்குப் போகிற எல்லோருக்கும் ஒன்று தெரியும். மருந்துக் கம்பெனி ரெப் எந்த பொம்மையைக் கொண்டுவந்து மேஜை மேல் வைக்கிறாரோ, அந்த மாதம் ஊருக்கே அந்த வியாதிதான். சித்திரையில் பிளாஸ்டிக் முட்டி வந்தது. சளிக்குப் போன நான் முட்டி மாத்திரையோடு திரும்பினேன். வைகாசியில் இதயம். காய்ச்சலென்று போன காலேஜ் பையனுக்கும் கொழுப்பு மாத்திரை. ஆனியில் வயிறு, அதுவும் உள்ளே புண்ணெல்லாம் சிவக்கச் சிவக்கத் தெரிகிற வயிறு. எழுதுகிற மாத்திரையோ வாசலில் இருக்கும் அவர் மைத்துனர் கடையில் மட்டும்தான் கிடைக்கும். அட்டையைத் திருப்பி விலையைப் பார்த்தால், இல்லாத புண்ணும் வந்துவிடும்.

அந்த வயிற்று மாதத்தில்தான் பக்கத்து வீட்டுச் சந்திரம்மாவுக்கு நெஞ்சை அடைத்தது. கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். வேர்த்துக் கொட்டியது. நேரே செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"மொதல்ல நம்ம டாக்டர பாத்துடலாங்க்கா," என்றாள்.

பார்த்தோம்.

"நெஞ்சு கனக்குது டாக்டரு. எடது கை மரத்துகினே வருது."

டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. மேஜை மேலிருந்த வயிற்றைப் பார்த்தார்.

"கேஸும்மா. நைட்டு இன்னா சாப்ட்ட?"

"கஞ்சி."

"அதான்."

பேனா ஓட ஆரம்பித்தது. ஒரு மாத்திரை, இன்னொரு மாத்திரை, கூடவே ஒரு டானிக்.

"கஞ்சில எங்க நைனா கேஸு கீது? நெஞ்சுல கொழாய வச்சித்தான் பாரேன்!" என்றேன்.

"நீங்க டாக்டரா, நான் டாக்டரா?"

சந்திரம்மாவின் உதடு வெளுத்துவிட்டது. இந்த மனிதரிடம் வாதாட நேரமில்லை. போன மாத இதயம் பின்னால் ஷெல்ஃபில் தூசி படிந்து கிடந்தது. எழுந்து போய் எடுத்தேன். முந்தானையால் துடைத்து, வயிற்றை ஓரம் தள்ளிவிட்டு, அவர் மூக்குக்கு நேரே வைத்தேன்.

டாக்டர் இதயத்தைப் பார்த்தார். பிறகு சந்திரம்மாவைப் பார்த்தார். பேனா நின்றது.

"கை மரத்துப்போச்சுன்னு மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"இவ்ளோ நேரம் இன்னா பாட்டா பாடிகினு இருந்தா?"

நர்ஸ் ஷாரோன் ஓடி வந்து ஈசிஜி எடுத்தாள். தாளைப் பார்த்ததும் டாக்டருக்கும் வேர்த்தது. ஒரு மாத்திரையைக் கொடுத்து மென்று விழுங்கச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸை அவரே கூப்பிட்டார்.

செங்கல்பட்டில் அடைப்பை எடுத்து அனுப்பினார்கள். தினசரி மாத்திரை அங்கே இலவசம். "இன்னும் கொஞ்ச நாள் வூட்ல கெட," என்றால் என்னோடு மல்லுக்கு நிற்கிறாள். அந்த அளவுக்குத் தேறிவிட்டாள்.

டாக்டரோ, "மூஞ்சப் பாத்ததுமே அட்டாக்குன்னு புடிச்சிட்டேன்," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆடி பிறந்ததும் மேஜைக்குப் பெரிய கண் ஒன்று வந்திருக்கிறது. கால் சுளுக்குக்குப் போன ஆபிரகாம் சொட்டு மருந்தோடு வீடு திரும்பினார்.

உங்கள் ஊரில் எப்படி? இல்லாத எந்த வியாதிக்கு மருந்து எழுதினார்கள், அதற்கு எவ்வளவு அழுதீர்கள்? வெட்கப்படாமல் எழுதிப் போடுங்கள். எல்லாவற்றையும் படிக்கிறேன். என் கண்ணுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை.