ஹலீம் பாய் வண்டி

ஏழாயிரம்பண்ணை பஸ் நிறுத்தத்தில் நினைவுக் கூட்டத்துக்குப் பந்தல் போட்டு, அப்துல் ஹலீமின் படத்தை நாற்காலியில் வைத்திருந்தார்கள். படத்துக்கு மாலை வேண்டாம் என்று அவர் மனைவி சாலிஹா சொல்லி அனுப்பியிருந்தாள். போட்டுத்தான் இருந்தார்கள். மகன் ரியாஸ் அதைத் தட்டிக் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று உட்கார்ந்திருந்தான்.

பட்டாசுத் தொழிலாளி முனியராஜ் மைக்கைப் பிடித்திருந்தான்.

"திருத்தங்கல் பிரஸ்ஸுல இருந்து இங்கன இருக்க கம்பெனிக்கெல்லாம் லேபிள் லோடு அடிச்சவுக நம்ம பாய். எங்கன வெடிச்சாலும் அவுக குட்டியானை வண்டிதான் முதல்ல வந்து நிக்கும். தார்ப்பாய்க் கயித்த ஒரே இழுப்புல அவுர்ற மாதிரிதான் முடிச்சுப் போடுவாக. லோடு ரோட்டுல, நம்ம ஆளு வண்டியில. சீட்டுக்கு அடியில எந்நேரமும் வாழை எலை கெடக்கும். 'என்ன பாய், விருந்தா?'ன்னு ஒருநா கேட்டேன். 'ஆமாலே, நீதான் மாப்பிள்ளை'ன்னாக."

கூட்டம் சிரித்தது.

"மறு மாசம் அதே மாதிரி எலையில என்னையப் போட்டுக் கொண்டுபோனாக."

முனியராஜ் வெந்து சுருங்கிய கையைத் தூக்கிக் காட்டினான். சிரிப்பு நின்றது.

அப்படிப்பட்ட நாட்களில் ரியாஸின் அத்தா கொல்லைக் குழாயடியில் சட்டையைக் கழற்றி அலசி, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். யாரிடமும் எதையும் விவரிக்கமாட்டார். "எல்லாரும் சாப்பிட்டீகளா?" என்பார். மகள் மஹ்ரீனுக்கு வாங்கிய சேவுப் பொட்டலம் மட்டும் எப்படியோ கறைபடாமல் வந்து சேர்ந்திருக்கும்.

"போன சீசன்ல பாய் நெஞ்சுவலியில படுத்துட்டாக," முனியராஜ் தொடர்ந்தான். "நம்ம சங்கிலிமுத்து வெந்து கெடக்கான், பாய் வண்டி நிக்காமப் போச்சு. சம்பளத்துக்கு ஓட்டுன பய எவனோ. அவுக புள்ள ஓட்டியிருந்தா நிறுத்தியிருக்கும். அந்தப் புள்ளைக்குத்தான் இப்பப் பொன்னாடை போர்த்தப் போறோம்."

 அன்று ஓட்டியது ரியாஸ்தான். அவசர ஆர்டர். லோடை ரோட்டில் கொட்டினால் பிரஸ்காரர் இனிமேல் லோடு தரமாட்டார் என்ற பயம். தார்ப்பாய்க் கயிற்றை முடிச்சு மேல் முடிச்சாக இறுக்கியிருந்தான். அவிழ்க்க நேரமாகும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, கைகாட்டியவர்களைப் பார்க்காதவன்போல ஆக்சிலேட்டரை மிதித்தான்.

அன்று சாயங்காலம் படுக்கையில் கிடந்தபடி அத்தா கேட்டார். "அங்கன வெடிச்சுச்சாமே. நம்ம வண்டி நின்னுச்சாலே?"

"நின்னுச்சு அத்தா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நிம்மதியோடுதான் பிறகு செத்தும் போனார்.

பக்கத்து நாற்காலியில் சங்கிலிமுத்துவின் மனைவி சோலையம்மாள் இருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"ஷேர் ஆட்டோவ மறிச்சு வச்சிருந்தேன் தம்பி. பாய் வண்டி வாரதப் பாத்ததும், நீ போப்பான்னு அனுப்பிட்டேன். இதுலன்னா காலை நீட்டிப் படுக்க வைக்கலாம், எலை இருக்கும்னு நெனச்சேன். அப்புறம் வண்டி கெடைக்க நேரமாயிருச்சு. முன்னாடியே கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னாக டாக்டரு. எல்லாத்துக்கிட்டயும் அப்பிடித்தான் சொல்லுவாகளாமே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கும் ஆறுதல், அவனும் தப்பிக்கலாம்.

"நான்தான்க்கா ஓட்டுனேன்."

மைக்கில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். கைதட்டினார்கள். சோலையம்மாள் இப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன லோடு?"

"புஸ்வாண லேபிள்."

"கசங்காம போய்ச் சேந்துச்சா?"

"சேந்துச்சு."

"எந்திரி. கூப்புடுறாகள்ல."

முனியராஜ் பொன்னாடையை விரித்துக்கொண்டு எதிரே வந்தான். ரியாஸ் அதைக் கையால் விலக்கிவிட்டு மைக்கைக் கேட்டான். முனியராஜுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஏலே, சத்தம் போடாதீக. பாய் மகன் பேசப்போறாக."