சின்ன மேகத்துக்குப் பக்கத்தில்

"பாயைக் கட்டுலே தொம்மை! உங்க அண்ணன் அங்கன நிக்கான்!"

கித்தேரியின் குரல் கேட்டதும் ஜீவமணி டீச்சர் கதவைக்கூடச் சாத்தாமல் கடற்கரைக்கு ஓடினாள். எழுபத்தைந்தாம் வருஷத்து ஜனவரி. பொழுதடைந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மின்வெட்டில் தூத்துக்குடியே இருண்டு கிடந்தது.

பக்கத்து வீட்டு மரியான், பெட்ரோமாக்ஸ் விளக்கோடு மீனுக்குப் போனவன், திரும்பவே இல்லை. விசைப்படகுகள் தேடிச் சலித்துவிட்டன. நாளைக்கு மாதா கோயிலில் அவனுக்கு இறந்தோர் பூசை. அவன் மனைவி கித்தேரி மட்டும் இன்னும் தாலியைக் கழற்றவில்லை.

அவள் தெற்கே கை நீட்டினாள். அடிவானத்துக்குச் சற்று மேலே, விரலால் சுண்ணாம்பைத் தீற்றியது போல ஒரு வெளிறல்.

"வள்ளம் கண்ணுக்கு எட்டாட்டியும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் வானத்துல இப்படித்தான் அடிக்கும் டீச்சர். எங்களுக்குத் தெரியாதா?"

மரியானின் தம்பி தொம்மை அதற்குள் வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளிவிட்டிருந்தான். வாடைக்காற்று வெறிபிடித்து வீசியது. இந்தக் காற்றில் முத்துச்சிப்பி விளையும் முத்துப்பாரைத் தாண்டித் தெற்கே இறங்கினால் பாய்மர வள்ளம் காற்றை எதிர்த்துத் திரும்பி ஏறாது. அதுவும் எதைத் தேடி?

"ஏலே, நில்லு! அது விளக்கு இல்ல. கோடிக்கணக்கான நட்சத்திரம் கூடி நிக்கிற எடம். சின்ன மெகல்லன் மேகம்னு பேரு."

"மேகமா, நட்சத்திரமா? ஒண்ணைச் சொல்லுங்க டீச்சர்."

"இடது பக்கம் பாரு, அது பெரிய மேகம். இந்தச் சின்னதுக்கு அது ஒரு பக்கத்து வீடு, நம்ம பால்வீதி இன்னொரு பக்கத்து வீடு. ரெண்டும் மாறி மாறி இழுத்து இதுக்கு உருவமே கோணிப்போச்சு. உடம்புல இருந்து பிய்ஞ்ச வாயு வால் மாதிரி வானத்துல நீளமாக் கெடக்காம். இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க."

"பாவம், வாக்கப்பட்ட எடம் சரியில்ல போல" என்றான் தொம்மை.

"சிரிக்காத. விளக்குன்னா நின்ன எடத்துல நிக்கும். இது மேற்க நகரும். பாத்துட்டுப் போ."

மணலில் ஒரு கம்பை ஊன்றி, அதற்கு நேராக வெளிறலை வைத்துப் பார்த்தார்கள். கித்தேரி ஜெபமாலையை எடுத்தாள்.

"உங்க சபையில இது கெடையாது. சும்மா நில்லுங்க டீச்சர்."

ஐம்பத்து மூன்று மணியும் உருண்டு முடிந்தபோது சின்ன மேகம் கம்பை விட்டு வலப்பக்கம் விலகியிருந்தது. தொம்மை நெடுமூச்சு விட்டுப் பாயின் கயிற்றைத் தளர்த்தினான்.

"டீச்சர் சொல்லுதது சரிதான் மயினி."

ஜீவமணிக்கு உயிர் வந்தது. கித்தேரி மட்டும் கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டும் நகந்துட்டு. சரி. கம்புக்கு நேரா, கீழ ஒண்ணு நிக்கே... அது எந்த வீடு டீச்சர்?"

ஜீவமணி குனிந்து பார்த்தாள். தண்ணீரை ஒட்டி, மங்கலாக, மூன்றாவதாக ஒரு வெளிச்சம். தென்வானத்தின் படம் அவளுக்கு மனப்பாடம். அந்த இடத்தில் எதுவுமே கிடையாது.

அதுவும் நட்சத்திரம்தான் என்று ஒரு பொய் சொன்னால் போதும், தொம்மை பிழைத்துவிடுவான். வாயைத் திறந்தாள். கண் மறுபடியும் அந்த வெளிச்சத்துக்கே போனது.

அந்தப் பார்வையே தொம்மைக்குப் போதுமாக இருந்தது. ஒரே தாவலில் வள்ளத்தில் ஏறிவிட்டான். இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் ஜீவமணி கத்திக்கொண்டே ஓடினாள். அவனுடைய அரிக்கேன் விளக்கு கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே போனது. பிறகு இருட்டு.

மறுநாள் பூசை நடந்தது. கித்தேரி போகவில்லை. இருட்டியதும் ஜீவமணி மனசில்லாமல் கரைக்குப் போனபோது அவள் கம்பின் அருகே நின்றிருந்தாள். வானத்தில் சின்ன மேகமும் பெரிய மேகமும் அதனதன் இடத்தில் இருந்தன. கீழே தண்ணீரை ஒட்டி, அந்த அசையாத வெளிச்சம்.

அதற்குப் பக்கத்தில், உரசிக்கொண்டு, இன்னொன்று. கொஞ்சம் சின்னது.

"கொழுந்தன் போய்ச் சேந்துட்டான் டீச்சர்."

கித்தேரியின் சேலைத் தலைப்பு அலையில் நனைந்துகொண்டிருந்தது. அவள் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தாள். ஜீவமணி அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். அது ஐஸாகக் குளிர்ந்தது. தெற்குப் பக்கமாக மெல்ல இழுத்தது. ஜீவமணி இரண்டு கால்களையும் மணலில் புதைத்துக்கொண்டாள்.