இருக்கிற இடமே தெரியாத பெண்

மருத்துவமனை வராந்தாவில் அந்தப் பெண் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தாள். "கடவுளே, என் பேரைக் கூப்பிடக் கூடாது." வகுப்பில் பேர் வாசிக்கும்போதும் அவளுக்கு இதே வேண்டுதல்தான். கடவுள் சில வேண்டுதல்களைக் கருணையினாலேயே கேட்பதில்லை. அவள் பேரைக் கூப்பிட்டார்கள்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் அவளுக்கு மறுபடியும் நீர்க்கடுப்பு. பள்ளியில் அவள் தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். போவதற்குக் கை தூக்கி எழுந்து நிற்க வேண்டும். வகுப்பே திரும்பிப் பார்க்கும். அதற்கு இந்த எரிச்சலே தேவலை. இது யாருக்கும் தெரியாது.

டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "இந்த வயசுப் பிள்ளைங்க எல்லார்கிட்டயும் மனசைப் பத்தியும் கொஞ்சம் கேக்கறோம். பக்கத்து ரூம்ல நர்ஸைப் பாருங்க" என்றார்.

மனசா? அவளைப் பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள். பள்ளிக்கும் சொல்லிவிடுவார்கள்.

"புதுசா யார்கிட்டயாவது பேசணும்னா பயமா இருக்குமா?" என்று நர்ஸ் கேட்டதும் கூட வந்திருந்த அம்மா முந்திக்கொண்டாள். அம்மா தையல் கடை வைத்திருப்பவள். பேச்சும் தையல் மிஷின் வேகத்தில்தான் ஓடும்.

"பயமா? இவளுக்கா? அதெல்லாம் இல்ல சிஸ்டர். ரொம்ப அடக்கம். வீட்ல இவ இருக்கிற இடமே தெரியாது. இவ தம்பிதான் வாலு. கடைக்கு வர்றவங்க எல்லாம், பொண்ணுன்னா இப்படி இருக்கணும்னு சொல்லிட்டுப் போறாங்க."

"நாலு பேர் முன்னால சாப்பிடச் சங்கடப்படுவாளா?"

"எங்கயாவது விசேஷம்னா வந்தாத்தானே சாப்பிட? எப்பப் பாரு படிப்பு, படிப்பு!"

நர்ஸ் பேனாவை மூடினார். "அம்மா, உங்களுக்கு ஒரு பயமும் இல்ல. நீங்க பாஸ். இப்போ பாப்பாவைக் கேக்கணும், கொஞ்சம் வெளியே உக்காருங்க."

அம்மா சிரித்துக்கொண்டே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

'இல்லை' என்ற சொல் பெண்ணின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம். நாளைக்கும் வறண்ட நாக்கோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். மறுநாளும் அப்படியே.

நர்ஸ் அவளை ஒருகணம் பார்த்தார். பிறகு தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"என் மூஞ்சியையே யாராவது பார்த்துட்டிருந்தா எனக்கும் பேச்சு வராது. நான் வெளியே பார்க்கறேன். ஆமான்னா மேசையில ஒரு தட்டு தட்டு. பள்ளிக்கூடத்துக்கு இது போகாது."

வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டியும் நாலைந்து சைக்கிள்களும்தான் இருந்தன. நர்ஸ் அவற்றைக் காணாததைக் கண்டதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தவங்க பார்க்கறாங்கன்னா கை நடுங்குமா?"

அவள் விரல் மேசைக்கு மேல் வெகுநேரம் நின்றது. தட்டினாள். சத்தமே வரவில்லை. மறுபடி தட்டினாள்.

"கேட்டுச்சும்மா. பேசி முடிச்சப்புறம், தப்பாப் பேசிட்டோமோன்னு அதையே நினைச்சிட்டிருப்பியா?"

தட்டினாள்.

"பயத்துல எதையாவது செய்யாம விட்டிருக்கியா?"

இதற்குத் தட்டினால் போதாது என்று தோன்றியது. "தண்ணி குடிக்க மாட்டேன்." தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

நர்ஸ் திரும்பவில்லை. "இதுக்குப் பைத்தியம்னு அர்த்தம் இல்ல. வெறும் கூச்சமும் இல்ல. நான் கேட்டது ஆரம்பம்தான். இதுக்குன்னு இருக்கிற டாக்டர் நிதானமாப் பேசிப் பார்ப்பாங்க. சரிபண்ணலாம். ஆனா அம்மா கூட வரணும். நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?"

அம்மாவிடமா? அடக்கமான பெண் என்று கடை முழுக்கப் பேசிப் பேசி அம்மா வளர்த்த பெருமை அது. 'நீங்களே சொல்லுங்க' என்று கெஞ்ச நினைத்தாள். அதற்குள் கதவைத் திறந்து அம்மா தலையை நீட்டினாள்.

"முடிஞ்சுதா சிஸ்டர்? ஒண்ணும் இல்லதானே?"

பதிலைப் பெண்ணுக்கே விட்டு, நர்ஸ் ஜன்னலையே பார்த்தார்.

"அம்மா... எனக்குப் பயமா இருக்கும்மா."

"என்னடி பயம்? ஊசியா போடப் போறாங்க?"

"எல்லாரையும் பார்த்துத்தாம்மா. தினமும்."

அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று நம்மில் பலர் அன்பினாலேயே சொல்லிவிடுகிறோம். அம்மாவின் வாயும் அதற்காகத்தான் திறந்தது. மகளின் உதடு துடிப்பதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அவள் உள்ளே வந்து, மகளுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மெதுவாச் சொல்லு பாப்பா. நான் குறுக்கே பேசல."