விதி ஏழுக்கு விளக்கம்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் அடுக்ககத்தில் நான்காவது மாடி பத்ரிநாத் சாரைப் போலப் படித்தவர் கிடையாது. இலக்கியக் கோட்பாடு நடத்தி ஓய்வு பெற்றவர். ஒரு பிரதியை எப்படி வாசிக்க வேண்டும் என்று யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கூட்டம். எங்கள் வீடுகளில் வேலை செய்யும் முத்தம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. லிஃப்டில் ஏற அனுமதி கேட்டு வந்து நின்றாள். விதி ஏழு குறுக்கே நின்றது: வேலையாட்கள் படிக்கட்டையே பயன்படுத்த வேண்டும்.

"எழுதினவங்க என்ன நெனச்சு எழுதினாங்கன்னு பாக்கணும். அதை மீற நமக்கு ரைட்ஸ் இல்லை," என்றார் சார்.

எழுதியவரே மூன்றாவது வரிசையில் வடை தின்றுகொண்டிருந்தார். பழைய செயலாளர் கோமளம் மாமி.

"நான்தான் எழுதினேன். அப்போ கட்டட வேலை நடந்துண்டிருந்தது. சிமெண்ட் மூட்டையோட ஏறி லிஃப்டைக் கெடுக்கறான்னு எழுதினது. இவளை நெனச்சு இல்லை."

சார் அசரவில்லை. "எழுதி முடிச்சப்புறம் எழுதினவங்க நெனப்புக்கு மதிப்பில்லை மாமி. படிக்கற சமூகம் கூடித்தான் அர்த்தத்தை முடிவு பண்ணும்."

அந்தச் சமூகம் நாற்காலிகளில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. முத்தம்மா சுவரோரம் நின்றிருந்தாள். "ஆய்த்து, ஓட்டுப் போடலாம்," என்று கன்னடம் கலந்து முடித்துவைத்தார் தலைவர். கைகள் உயர்ந்தன, விதி பிழைத்தது. சார் பிடித்த முயலுக்கு மூன்றே கால். காலுக்கொரு கோட்பாடு வேறு. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை முத்தம்மா மேலே வரவில்லை. சார் தேடிக்கொண்டு லிஃப்டில் கீழே இறங்கினார். நானும் கூடவே இறங்கினேன். முதல் மாடி வீட்டுக் குப்பையைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"இனிமே முதல் மாடியோட சரி சார்."

"வருஷம் பூரா வர்றேன்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன் சார். சொன்னவ நெனப்புக்கு மதிப்பில்லைன்னு நேத்து நீங்கதான் சொன்னீங்க. எங்க ஜோகுபாளையத்துலேர்ந்து வீட்டு வேலைக்குப் போற பொம்பளைங்க நாங்க கூடிப் பேசிட்டோம். வருஷம்னா முட்டி தாங்கற வரைக்கும்னு அர்த்தமாம்."

சாரின் முகம் சுண்டிப்போனது. எனக்கு அப்படியொரு குளிர்ச்சி.

"நல்லாக் கேட்டே முத்தம்மா. சரி, வா, என் வீட்ல பாத்திரம் அப்படியே கிடக்கு," என்றேன்.

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

"உங்க வீடு மூணாவது மாடிம்மா. நேத்து நீங்களும் அங்கதானே உக்காந்திருந்தீங்க."